அடுத்த பெட்டிக்கு முன்னால் ஒரு தளப்பலகை



வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டு என்பது இன்றைய பொருள். எனக்கு முன் பேசிய இருவரும் கைப்பேசியையும் கணினி விளையாட்டையும் ஒரு பிடி பிடித்துவிட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். லெகோ கட்டைகளுக்கு அடியில் போடுகிறோமே, மேலெல்லாம் குமிழ் குமிழாக இருக்கும் சதுரப் பலகை, அதைப் பற்றி. கடையில் பேஸ்பிளேட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் தளப்பலகை என்று சொல்கிறேன்.

இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நடுவர் ஐயா சிரிக்கிறார். இருக்கிறது ஐயா.

மாலை ஏழு மணிக்கு நம் அடுக்குமாடி வீடுகளில் என்ன நடக்கிறது? வரவேற்பறைத் தரையில் பிள்ளை கட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் சுவர் எழுந்திருக்கும், கதவு வைத்திருக்கும், கூரைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்போதுதான் சமையலறையிலிருந்து குரல் வரும்: “எல்லாத்தையும் எடுத்து வை, பாட்டி கால்ல குத்தும்.” பாட்டி காலில் குத்தும் என்பது உண்மைதான். அந்தக் கட்டையை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே கட்டியது அத்தனையும் மைலோ டின்னுக்குள் போய்விடும். மறுநாள் மீண்டும் முதல் சுவரிலிருந்து தொடக்கம்.

நாள்தோறும் இப்படிக் கலைத்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் முடியக்கூடியதை மட்டுமே அந்தப் பிள்ளை கட்டும். மூன்று நாள் எடுக்கும் வேலையை அது தொடங்கவே தொடங்காது. பொறுமை இல்லை, எதையும் முடிப்பதில்லை என்று பிறகு நாமே குறை சொல்கிறோம். முடிப்பதற்கு நாம் இடம் கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டில் பல குடும்பங்கள் இந்தக் கட்டைகளோடு நெருக்கமானது 2012க்குப் பிறகுதான். அந்த ஆண்டு செப்டம்பரில் ஜொகூரில் லெகோலேண்ட் மலேசியா திறக்கப்பட்டது. ஆசியாவில் அமைந்த முதல் லெகோலேண்ட் அது. பள்ளி விடுமுறையில் போய்வந்தவர்கள் அங்கே மினிலேண்ட் பகுதியில் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்த்து வியந்துவிட்டு, வரும்போது கையில் ஒரு பெட்டியும் வாங்கி வந்திருப்பீர்கள். ஒரு செய்தி தெரியுமா? அங்கே நிற்கும் கட்டடங்கள் பசையிட்டு ஒட்டப்பட்டவை. பெரியவற்றுக்கு உள்ளே இரும்புச் சட்டமும் உண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டுமல்லவா! நம் பிள்ளை கட்டும் வீட்டுக்குப் பசையும் கிடையாது, இரும்பும் கிடையாது. அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள இருப்பது அடியில் உள்ள பலகை ஒன்றுதான். ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் அந்தப் பலகை இருக்காது. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அதன் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவு வரை 8 மில்லிமீட்டர். கடைகளில் அதிகம் கிடைக்கும் பலகை 32க்கு 32 குமிழ் கொண்டது. ஒரு பக்கம் ஏறக்குறைய 25.6 சென்டிமீட்டர் வரும். மொத்தம் 1,024 குமிழ்கள். பெரியது 48க்கு 48. அது ஒரு பக்கம் 38 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூட, 2,304 குமிழ்கள். எட்டுக் குமிழ் உள்ள சாதாரணக் கட்டையால் சின்னப் பலகையை ஒரே ஒரு அடுக்கு மூட வேண்டுமானாலும் 128 கட்டைகள் தேவைப்படும். பெரியதற்கு 288. வீட்டில் உள்ள கட்டைகள் ஒரு டின் அளவுதான் என்றால் பெரிய பலகைக்கு அவசரப்படாதீர்கள். பாலைவனத்தின் நடுவே ஒற்றைக் குடிசை போல நிற்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் கட்டையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் குழல்கள் இருக்கும். கீழே உள்ள கட்டையின் குமிழ்களை இறுகப் பிடிப்பவை அந்தக் குழல்கள்தாம். டென்மார்க்கைச் சேர்ந்த கோட்பிரட் கிர்க் கிறிஸ்டியான்சன் இந்த அமைப்புக்காகக் காப்புரிமை விண்ணப்பம் செய்த நாள் 1958 ஜனவரி 28. ஆனால் தளப்பலகையைத் திருப்பிப் பார்த்தால் குழல் இருக்காது. மேலே குமிழ் உண்டு, கீழே பிடிமானம் இல்லை. அதாவது அது தரையில் கிடக்க மட்டுமே செய்யப்பட்ட பொருள். அதை இரண்டாவது மாடிக்கு ஏற்ற முடியாது.

என் அக்காள் மகன் எட்டு வயதில் அதைத்தான் செய்ய முயன்றான். சுவர்களை எழுப்பிவிட்டு, இன்னொரு தளப்பலகையை மாடித் தரையாக மேலே வைத்து அழுத்தினான். நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அத்தான், நன்றாக அழுத்தடா என்றார். அவன் அழுத்திய அழுத்தில் சுவர்தான் சரிந்தது. பிள்ளைமீது தவறே இல்லை. மாடிக்கு வேண்டியது வேறொன்று. பிளேட் என்று சொல்வார்கள், 3.2 மில்லிமீட்டர் தடிமன், கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு அடியில் பிடிமானம் உண்டு. இந்த வேறுபாடு பெரியவர்களுக்குத் தெரியாததால் பிள்ளையின் கைத்திறனைக் குறை சொல்வது எத்தனை வீடுகளில் நடக்கிறதோ!

இந்தப் பலகையின் முன்னோடி ஒரு வரைபடம். 1955ஆம் ஆண்டு லெகோ நிறுவனம் ‘நகரத் திட்டம்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. சாலைகளும் மனைகளும் அச்சிட்ட ஒரு விரிப்பு, அதன்மேல் வைக்க வீடுகள், கார்கள். பிள்ளைகளுக்குச் சாலைப் பாதுகாப்பைச் சொல்லித் தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. குழல் வைத்த கட்டை வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இது வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. கட்டை சரியாகப் பிடிப்பதற்கு முன்பே, கட்டைகள் நிற்கும் இடம் முக்கியம் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். 1978இல் சாலை அச்சிட்ட, குமிழ் வைத்த பலகைகள் வந்தன. 2021இல் அவற்றுக்குப் பதிலாகத் துண்டு துண்டாக இணைக்கும் சாலைத் தகடுகள் வந்தன. திருப்பத்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது வசதிதான். ஆனாலும் ஒரே விரிப்பில் ஒரு தெருவே கிடைத்த பழைய பலகைதான் எனக்குப் பிடிக்கும்.

பெரியவர்களுக்கான வரிசை ஒன்றும் இருக்கிறது. 2007இல் ‘கஃபே கார்னர்’ என்ற கட்டடத்தோடு தொடங்கியது. பெரும்பாலான கட்டடங்களுக்கு அடியில் 32க்கு 32 அளவு, பக்கத்தில் ஒரே இடத்தில் இணைப்பு ஆணி. அதனால் 2007இல் ஒருவர் வாங்கிய கடைவீடும், பல ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வாங்கிய கடைவீடும் ஒரே தெருவில் ஒட்டி நிற்கின்றன. அளவு மாறவில்லை. அவ்வளவுதான் இரகசியம்.

தளப்பலகை கற்பனைக்கு வேலி போடுகிறது என்று ஆசிரியை அவர்கள் இடைவேளையில் என்னிடம் சொன்னார்கள். கார் செய்ய, விமானம் செய்ய, யானை செய்யப் பலகை தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி என்றாலே கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. தொடர்புத்துறை டிப்ளோமா படித்த காலத்தில் எங்களுக்கு முதலில் காட்டியது கேமராவை அல்ல, நிலையத் தரையில் ஒட்டிய டேப்பை. அதற்குள் நின்றால்தான் படத்தில் இருப்பீர்கள் என்றார்கள். அந்த டேப் இருந்ததால்தான் கால் எங்கே என்ற கவலை இல்லாமல் பேச முடிந்தது. 1,024 குமிழுக்குள் ஒரு வீடு, ஒரு தோட்டம், கார் நிறுத்த இடம் எல்லாம் வேண்டும் என்றால் பிள்ளை எதைச் சிறிதாக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். நம்மில் பலர் முதல் வீட்டு வரைபடத்தைப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கையே போட்டோம்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆளுக்கொரு பலகை கொடுத்துப் பாருங்கள். என் இடம், உன் இடம் என்ற சண்டை பாதி குறையும். பிறகு இரண்டையும் ஒட்டிவைத்து, நடுக்கோட்டின்மேல் ஒரு கட்டையைக் குறுக்கே அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அண்ணன் போட்ட சாலை தம்பியின் பலகைக்குள் எந்த இடத்தில் நுழைவது என்று அவர்களே பேசித் தீர்க்க வேண்டிவரும். அந்தப் பேச்சில் நீங்கள் தலையிடாதீர்கள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. 2020இல் லெகோ அறக்கட்டளை பிரெய்ல் கட்டைகளை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டையின் குமிழ்களும் ஒரு பிரெய்ல் எழுத்தின் வடிவில் இருக்கும். 2023 முதல் பொதுமக்களும் வாங்கலாம். தொகுப்போடு தளப்பலகையும் வருகிறது. விரலால் தடவிப் படிக்கும்போது எழுத்து நகர்ந்துவிட்டால் சொல் எங்கே போகும்? பலகையில் அழுத்திய எழுத்து நகராது.

இனி வாங்கும் விசயம். பிற நிறுவனப் பலகை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். அந்தக் குமிழ் வடிவத்தை வணிகச் சின்னமாகத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள லெகோ முயன்றது. 2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. ஆனால் பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து ஒரு கட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். விற்பவரைக் கேட்டுக்கொண்டு, பலகையின் நான்கு மூலையிலும் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். ஒரு மூலையில் இறுகி இன்னொரு மூலையில் தளர்ந்தால் வேண்டாம். சமமான மேசையில் வைத்துப் பாருங்கள், ஆடினாலும் வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரமாகப் பலகையை விட்டுவைக்காதீர்கள், மெல்லிய பிளாஸ்டிக் வளைந்துவிடும். கொதிநீரில் கழுவுவதும் கூடாது, 40 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் இந்தச் சின்னக் கட்டைகளே கூடாது, வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கு இருமடங்கு அளவுள்ள டூப்லோ கட்டைகளும் அதற்கேற்ற பலகையும் தனியே உண்டு.

கட்டிய பலகையை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் அது வளையும், வளைந்தால் மேலே இருப்பது கழன்று விழும். அடியில் ஒரு துண்டு பிளைவுட்டோ பழைய தட்டோ வைத்து, இரண்டு கையாலும் தூக்க வேண்டும். எங்கே வைப்பது? கட்டிலுக்கு அடியில், அலமாரியின் மேல் தட்டில், எங்கே இடம் இருக்கிறதோ அங்கே. சின்னப் பலகை சாதாரணப் புத்தக அலமாரியில் அடங்கும், பெரியது பல அலமாரிகளில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே கடைக்குப் புறப்படும் முன் அளவுநாடாவை எடுத்து அலமாரியை அளந்துவிட்டுப் போங்கள்.