இராவணன் கோட்டை வெள்ளி



மருத்துவத்தைத் தவிர எதையும் பேசலாம் என்று சங்கத்தார் சொன்னார்கள். ஆகவே கடலுக்குள் போகிறேன். அங்கேயும் ஒரு நோயாளி வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிந்தைக்கு அப்பால், தென்கிழக்குக் கடலில் ஒரு பாறைத்தொடர் உண்டு. சிங்களத்தில் அதன் பெயர் பெரிய இராவணன் கோட்டை. ஆங்கிலேயர் கிரேட் பாசஸ் என்றனர். ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே, பங்குனி சித்திரையை ஒட்டி, அங்கு கடல் அடங்கும். 1961 மார்ச்சில் மைக் வில்சன் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களுடன் படம்பிடிக்கச் சுழியோடியபோது ஒரு சிறு பீரங்கியையும் வெள்ளி நாணயங்களையும் கண்டார். திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிற் சிதைவுகளைத் தேடியவரும் இவரே.

அவருடைய நண்பர் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க். அடுத்த ஆண்டு கிளார்க்கின் கைகால்கள் செயலிழந்தன. முள்ளந்தண்டில் அடிபட்டதென்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் போலியோ என்றார்கள். (நாங்களும் தவறுவதுண்டு.) அப்படியிருந்தும் 1963இல், முழுதாகத் தேறாத உடம்போடு, அகழ்வாய்வாளர் பீற்றர் த்ரொக்மோர்ட்டனும் சேர்ந்த குழுவோடு அவர் அங்கே போனார்.

மேலே வந்தவை கட்டிகள். நான் சொன்னால் கட்டி என்றதும் பயப்படுவீர்கள். இவை வெள்ளிக் கட்டிகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் நாணயங்கள், பத்துக் கிலோவுக்கு மேல் நிறை. பை உக்கிப் போய்விட்டது. ஆனால் நாணயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பையின் வடிவத்திலேயே இறுகிவிட்டன. எல்லாம் ஔரங்கசீப் காலத்தவை, சூரத் அக்கசாலையில் ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702ஐ ஒட்டி அடித்தவை. ஒரே ஊர், ஒரே ஆண்டு. எவர் கையிலும் புழங்காமல் நேரே கப்பலேறிய பணம் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

உடைத்துப் பிரித்த நாணயம் அழகானது, விலையும் போகும். ஆனால் அதைப் பார்த்து, எத்தனை எத்தனையாக எண்ணிக் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. உடைக்காத கட்டிதான் அதைச் சொல்லும். அப்படி ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நூதனசாலைக்குப் போனது. எனக்கு அந்தக் கட்டிதான் புதையல். எங்கள் நாட்டு நூதனசாலையில் அதைப் பார்க்க ஆசை.

கப்பலின் பெயரோ, அதில் போனவர்களின் பெயர்களோ இன்றுவரை உறுதியாகவில்லை. அந்தப் பாறையில் வெளிச்சவீடு எரியத் தொடங்கியது 1873இல், அந்த நாணயங்களை அடித்து ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகு.