குழந்தைகளின் கலையும் மனமுவந்த தொண்டும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். எழுத்தும் எண்ணும் அறிவைத் தருவன. பலர் முன்னிலையில் தலைநிமிர்ந்து நிற்கும் துணிவைப் பிள்ளைக்குத் தருவது மேடையாகும். ஆதலின் கலை விழாவும் கல்வியின் ஒரு கூறே என நாம் கருதுகிறோம்.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியிலும் நம் பெற்றோருள் பலர் ஷிப்டு முறையில் உழைப்பவர்கள். இரவு வேலை முடிந்து தந்தை திரும்பும்போது மகள் பள்ளிக்குப் புறப்பட்டிருப்பாள். அவள் வரைந்த படத்தைப் பார்க்கவும், கட்டிய பாட்டைக் கேட்கவும் வீட்டில் ஆளில்லை. அக்குறையை நம் தெருக்கள் தீர்த்துவைக்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டிகள் உண்டு. 2015இல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவ மக்களும் தொண்டர்களும் சேர்ந்து கருநாடக இசையையும் நாட்டார் கலைகளையும் ஒரே மேடையில் ஏற்றினர். 2018 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் 'வானம்' கலைத் திருவிழாவை மூன்று நாள் நடத்தியது. அம்மையத்தை நிறுவிய இயக்குநர் பா. இரஞ்சித், நம் மாவட்டத்துக் கர்லப்பாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

பறையை எண்ணிப் பாருங்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் ஊர் அழைத்தால் அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் நம் முன்னோர் மேல் இருந்தது. அதனாலேயே பறையைத் துறந்தவர் நம்மிடையே பலர். அது தன்மானச் செயல். இன்று பெண்பிள்ளைகளும் தம் விருப்பத்தால் அதனை ஏந்துகின்றனர். 2025இல் மதுரைப் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கலை அன்றும் இருந்தது. விரும்பினால் ஏந்தவும் விரும்பாவிடில் மறுக்கவும் உள்ள உரிமையையே நாம் போராடிப் பெற்றோம்.

தொண்டும் அத்தகையதே. கூலியில்லா வெட்டிவேலையை நம் பாட்டன்மார் அறிவர். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நம்மவரைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆகவே நம் விழாவில் 'தொண்டு' என்ற பெயரால் ஒரு பிள்ளையையும் ஏவலாகாது. திடலைக் கூட்டும் துடைப்பம் கழகத் தலைவர் கையிலிருந்து தொடங்கட்டும். பாத்திரம் கழுவுதல் பெண்பிள்ளைக்கு, ஒலிபெருக்கி ஆண்பிள்ளைக்கு என்ற பிரிவு வேண்டா. எல்லா வேலையும் முறைவைத்துச் சுற்றி வரட்டும். பந்தல் செலவுக் கணக்கை ஒரு சிறுமி எழுதி, சபையில் வாசிக்கட்டும். அதுவே அவளுக்குப் பொதுவாழ்வின் முதற்பாடம்.

கலையிலும் இவ்வுரிமை வேண்டும். பெரியோர் எழுதித் தந்த வசனத்தை ஒப்பித்தல் மட்டும் போதாது. ஆலைச் சங்கையும், செங்கற்சூளையையும், ஆரணியாற்றையும், பழவேற்காட்டு ஏரியையும் அவர்கள் கண்டபடியே வரையட்டும், பாடட்டும். பரிசு பெற்ற படத்தை மட்டுமன்றி எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டுவோம்.

இளைஞர்களே! உங்களிடம் நாம் பெரும்பொருள் கேட்கவில்லை. வார விடுமுறையில் இரண்டு மணி நேரம் தெருப்பிள்ளைகளோடு அமருங்கள்; அவர்கள் காட்டுவதைப் பாருங்கள், சொல்வதைக் கேளுங்கள். கேட்க ஒருவர் இருக்கும் இடத்தில்தான் குழந்தை வாய் திறக்கும்.