குறை முன், விலை பின்



இலக்கியக் கூட்டத்தில் பழைய சாமான் வியாபாரத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று, அழைப்பிதழைக் கண்ட அன்பர்கள் சிலர் வினவியதாக அறிகிறேன். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வப் பெருக்கைப் பாடப் புகுந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அந்நகரத்துத் துறையில் குவிந்து கிடந்த பண்டங்களை வருணித்ததோடு அமையாமல், அவற்றை விற்ற வணிகர்கள் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும், பிறர் பொருளையும் தம்முடைய பொருளைப் போலவே மதித்தும் வாழ்ந்தார்கள் என்பதைப் பட்டினப்பாலையில் பதிந்து வைத்தார். வாணிகத்தின் ஒழுக்கம் கவிதைக்குரிய விஷயமே என்று அப்பெரும்புலவர் கருதியிருக்க, அஃது இந்த மேடைக்கு எவ்வாறு அந்நியமாகும்? அன்றியும், ஞானப்பாடல்கள் இயற்றிய பீர்முகம்மது அப்பா அவர்கள் தறியில் அமர்ந்து நெய்து ஜீவனம் செய்த ஊர் இது. தொழில் வேறு, ஞானம் வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கம் தக்கலைக்குப் பொருந்தாது.

ஒரு வீட்டில் உபயோகித்துத் தீராத பொருள் மற்றொரு வீட்டுக்குப் போவது நம்மவர்க்குப் புதிதன்று. குழந்தை வளர்ந்துவிட்டால் தொட்டில் தங்கை வீட்டுக்குப் போகும். மகன் வேலைக்குப் போய்விட்டால் அவன் சைக்கிள் அடுத்த தெருப் பையனுக்குப் போகும். யாருக்கும் உதவாதது பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகும். அக்காலத்தில் விற்றவனும் வாங்கியவனும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அண்டை வீட்டானை ஏமாற்றியவன் மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது அவன் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்த அச்சம் ஒரு காவலாய் நின்று பலரை யோக்கியராக வைத்திருந்தது. இன்றோ ஓஎல்எக்ஸிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் படம் போட்ட மாத்திரத்தில், குமாரபுரத்தில் இருப்பவரின் பழைய ஃபிரிட்ஜை நெய்யாற்றின்கரையில் இருப்பவர் விலை கேட்கிறார். இருவரும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சந்தித்துப் பிரியப்போகிறவர்கள். முகத்தில் விழிக்கும் அச்சம் அகன்றுவிட்ட இவ்வியாபாரத்தில் மனச்சாட்சி ஒன்றே மிஞ்சுகிறது. அதன் கடமை எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இன்று ஆலோசிக்க விரும்புகிறேன்.

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைகோத்து, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தைப் பெரியோர்கள் கண்டிருப்பீர்கள். அதை மறைவான வியாபாரம் என்று படித்தவர்கள் இகழ்வதுண்டு. ஆனால் சற்று நின்று நோக்கினால், அங்கே மறைந்திருப்பது விலை ஒன்றுதான். மாடு வெட்டவெளியில், வெயிலில் நிற்கிறது. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுக் குளம்பை நோக்கலாம், கறவை மாடாயின் அங்கேயே கறந்தும் பார்க்கலாம். இன்றைய வியாபாரத்திலோ விலை ஊரறியக் கொட்டை எழுத்தில் நிற்கிறது, பொருள்தான் ஒளிந்துகொள்கிறது. கீறல் விழுந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்து மறுபக்கத்தைப் படம் எடுப்பதும், அதுவும் போதாதென்று கம்பெனிக்காரன் வெளியிட்ட விளம்பரப் படத்தையே தன் பொருளின் படமாகப் போடுவதும் சாமர்த்தியமாகக் கருதப்படுகின்றன. விலைமேல் கிடந்த துண்டு பொருளின்மேல் விழுந்துவிட்டது என்பதே என் குறை.

சில மாதங்களுக்கு முன் மேட்டுக்கடைப் பக்கத்து வீடு ஒன்றில் நான் நேரில் கண்டதைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரம் ஒன்றை விற்க ஒரு முதிய அம்மையார் எண்ணியிருந்தார். தையல் பழகி முடித்த ஓர் இளம்பெண் அதை வாங்க வந்திருந்தாள். அம்மையார் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். "மக்கா, இஞ்ச பாரு. நாலு விரக்கடைக்கு ஒருக்க தையல் விடும். பெல்ட்டும் இளகிப்போச்சு. இதப் பாத்துட்டு வெலையச் சொல்லு" என்றார். அப்பெண் தையல் விட்ட இடங்களை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, பாபின் கேஸை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டாள். "ஆவும்னு மெக்கானிக் சொன்னான், நான் மாத்திப் பாக்கல்ல" என்று பதில் வந்தது. தான் அறிந்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் அவ்வம்மையார் எவ்வளவு துலாம்பரமாகப் பிரித்துச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தவர்களிடத்தும் இது எளிதில் காணப்படுவதில்லை. அதன் பிறகு விலை முடிய நெடுநேரம் ஆகவில்லை. பேரம் பேசுவதற்குச் சந்தேகம் என்று ஒன்று அங்கே எஞ்சியிருக்கவில்லை.

விற்பவனே முதலில் குறையைச் சொல்ல வேண்டும், அதன் பின்னரே விலை பேசப்பட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் நல்லெண்ணத்தினால் அன்று. அதற்குப் பொருளியலில் ஒரு காரணம் உண்டு. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை, மூன்று பத்திரிகைகளால் நிராகரிக்கப்பட்டு, 1970ஆம் ஆண்டில் நான்காவது பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 2001ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைப்பதற்கும் அதுவே பிரதான காரணமாயிற்று. அவர் கூறியதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பழைய ஸ்கூட்டர்களில் ஒன்று 40,000 ரூபாய் பெறும் என்றும், எஞ்சின் தேய்ந்த மற்றொன்று 20,000 ரூபாய்தான் பெறும் என்றும் வைத்துக்கொள்வோம். எது நல்லது என்று உடையவனுக்குத் தெரியும். வாங்க வந்தவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் நடுவாக 30,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க அஞ்சுவான். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்க மனமில்லாதவன் அதை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வான். கெட்ட வண்டிக்காரனோ மகிழ்ச்சியோடு தள்ளிக்கொண்டு வருவான். நாளடைவில், வருவதெல்லாம் கெட்டது என்று ஜனங்கள் அறிந்து 20,000 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஆகவே குறையை மறைத்து விற்பவன் தன்னிடம் வாங்கியவனை மாத்திரம் வஞ்சிப்பதில்லை. நல்ல பொருளை வைத்துக்கொண்டு நியாயமான விலைக்குக் காத்திருக்கும், தான் கண்டும் அறியாத ஒரு மூன்றாம் மனிதனையும் வஞ்சிக்கிறான்.

இந்த ஆக்கர்லாஃப் 1967–68ஆம் ஆண்டில் தில்லியிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். நம் நாட்டுக் கடைத்தெரு அரிசியில், அரிசியின் நிறமும் வடிவமும் உள்ள கற்கள் வேண்டுமென்றே கலக்கப்படுவதையும், அவற்றை நம் பெண்மக்கள் பொறுக்கி எடுக்க வேண்டியிருப்பதையும் அவர் அக்கட்டுரையிலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். உலகம் போற்றும் ஒரு சாஸ்திரக் கட்டுரையில் நம் தாய்மார்களின் முறம் இவ்விதமாக இடம்பெற்றதை வாசித்தபோது என் உள்ளம் வருந்திற்று.

குறையைச் சொன்னால் பொருள் விலைபோகாது என்று அஞ்சுவோர் உண்டு. 1995ஆம் ஆண்டில் பியர் ஒமிடியார் என்பவர், பின்னாளில் இபே என்று பெயர்பெற்ற இணையச் சந்தையைத் தொடங்கியபோது, அதில் முதலில் விற்ற பொருள் பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுக்கருவி என்றும், அதை 14 டாலர் 83 சென்டுக்குக் கேட்டவரிடம் அது பழுதானது என்பது தெரியுமா என்று அவர் விசாரித்தபோது, பழுதான லேசர் கருவிகளைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்தது என்றும் கூறுவார்கள். உடைந்த பொருளுக்கும் உரியவர் ஒருவர் உண்டு. குறையை மறைத்தால் அவர் நம்மைக் கண்டுபிடிக்க வழியில்லை.

விற்பவனுக்கு மாத்திரம் தர்மம் உரைத்துவிட்டு அமர்ந்தால் நான் பாரபட்சம் உடையவன் ஆவேன். வாங்குவோரிடத்துக் காணும் குறைகள் சொல்லுந்தரம் அன்று. பொருளைக் கண்ணால் காணும் முன்னரே, வணக்கம் என்ற ஒரு சொல்லும் இன்றி, "கடைசி வெலை என்னா?" என்று கேட்பதும், நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று உறுதி சொல்லி, அவ்வுறுதியை நம்பி மற்றவர்களைத் திருப்பி அனுப்பியவரின் போனைப் பிறகு எடுக்காமல் இருப்பதும், பேசி முடித்த விலைக்கு வாசலில் வந்து நின்றுகொண்டு, கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று குறைந்த தொகையை நீட்டுவதும் அன்றாடக் காட்சிகள். பேரம் பேசுவது குற்றம் அன்று. அது நம் சந்தைகளின் உரையாடல். ஆனால் பேசி முடிந்த பின் மீண்டும் பேசுவது பேரம் ஆகாது. அவ்வாறே, முதலில் வந்து வாக்குப் பெற்றவன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கையில், 500 ரூபாய் கூடுதலாகச் சொன்ன வேறொருவனுக்குப் பொருளைத் தள்ளிவிடுவதும் வாக்குப் பிறழ்தலே.

இதிலும் கொடியது ஒன்று உண்டு. பழைய பொருள்களை விற்கிறவர்கள் எல்லோரும் புதியது வாங்கும் பொருட்டு விற்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்காக வண்டியை விற்பவர் உண்டு. மகளின் கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் நெருங்குவதால் பீரோவை விற்பவர் உண்டு. அவருடைய குரலின் பதற்றத்தை அறிந்துகொண்டு, இன்னும் இரண்டு நாள் பொறுத்தால் பாதி விலைக்கு இறங்குவார் என்று கணக்கிட்டுக் காத்திருப்பவனைத் தண்டிக்கச் சட்டம் இல்லை. அவன் குறையை மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ஆயினும் பிறனுடைய துயரத்தை அவன் விலைக்கு வாங்குகிறான். அப்படி வாங்கிய பீரோவில் தன் பிள்ளையின் துணிமணிகளை அடுக்கிவைக்க அவனுக்கு எவ்வாறு மனம் துணிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சில விலக்குகள் நீங்கலாக, வாங்குபவனே விழிப்பாய் இருக்க வேண்டும் என்பதே பொது விதி. மோட்டார் வண்டி விஷயத்தில் விற்பவனுக்கும் விழிப்பு வேண்டும். 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் கைமாற்றத்தைத் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று புன்னகையோடு விடைகொடுப்பது உபசாரம் போலத் தோன்றினாலும் இரு சாராருக்கும் ஆபத்து. எல்லைக்கு அருகில் உள்ள நம் ஊரில் கே.எல். எண் வண்டிகளும் அடிக்கடி விலைக்கு வருகின்றன. அவற்றுக்குக் கேரளத்துப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்பதை விற்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது முறை.

கைப்பேசியாயின், *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண்ணை வாங்குபவர் கேட்கலாம். திருட்டுப் பொருள் என்று சந்தேகிக்கிறாரே என்று விற்பவர் சினங்கொள்ளலாகாது. தன் கணக்குகளை நீக்கி, குடும்பப் படங்களை அழித்துக் கொடுப்பது விற்பவர் கடமை. தப்பித் தவறி ஏதேனும் எஞ்சியிருந்தால் அதைப் பாராமல் அழிப்பது வாங்கியவர் கடமை. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பொருளைப் பாராமலே முழு விலைக்கும் சம்மதித்து, பணம் அனுப்புவதாகக் கூறி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் வஞ்சகர்களைப் பற்றி மாணவர்கள் தங்கள் பாட்டன் பாட்டியருக்குச் சொல்லிவையுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கே தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாகப் புத்தகங்கள். 1985ஆம் ஆண்டு தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடி அலைந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது; எத்தனையோ வறிய மாணவர்களைப் படிக்கவைத்தவை அந்தக் கடைகள். இக்கூட்டத்தை நடத்தும் மன்றத்தார் அடுத்த மாதம் இதே மண்டபத்தின் வராந்தாவில் பழைய பாடநூல்களுக்கும் இலக்கிய நூல்களுக்கும் ஒரு விற்பனை மேஜை போட இருப்பதாகச் செயலாளர் சொன்னார். புத்தகம் கொண்டுவருவோருக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒரு தாள் கிழிந்திருந்தாலும் அது எந்தப் பக்கம் என்பதை முகப்பின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி, அதன் கீழே விலையை எழுதுங்கள். நூலக முத்திரை பதிந்த புத்தகம் உங்கள் அலமாரியில் இருந்து, அது கழிக்கப்பட்டது என்ற குறிப்பு அதில் இல்லையாயின், அதை மேஜைக்குக் கொண்டுவராமல் அந்த நூலகத்துக்கே எடுத்துச் சென்று ஒப்படையுங்கள். மேஜையை மேற்பார்வையிடத் தொண்டர்கள் வேண்டும் என்கிறார்கள். விருப்பம் உள்ள மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.