கோபத்தில் எழுதும் ராஜினாமா

  

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து பள்ளியைப் பூட்டும் வேளையில் ஓர் இளைஞர் வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். இரவு ஷிப்டில் பாழான உருப்படிகளுக்குப் பகல் ஷிப்டுக்கு வந்த அவரைப் பொறுப்பாக்கி, மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலையிலும் ஒருமையில் ஏசிவிட்டார். ராஜினாமாக் கடிதம் கைப்பேசியில் தயாராக இருந்தது. "ஹஜ்ரத், அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார்.

அவருடைய கோபம் நியாயமானதே. பொறுமையைப் பற்றி ஆலிம்கள் பேசினால், அநீதிக்குத் தலையாட்டச் சொல்கிறார்கள் என்று தொழிலாளிகள் எண்ணிவிடக் கூடாது. ஆனால் கோபம் நியாயமானது என்பது வேறு. கோபத்தில் எடுக்கும் முடிவு நியாயமானது என்பது வேறு. கோபமுற்ற நிலையில் எந்த நீதிபதியும் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ராஜினாமாவும் ஒரு தீர்ப்புத்தான். அதில் வாதியும் நாமே, நீதிபதியும் நாமே.

யூனுஸ் (அலை) அவர்களின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் தம் சமூகத்தாரின் மீது கொண்ட கோபம் தம் சொந்த நலனுக்காக அன்று, அல்லாஹ்வுக்காகவே. ஆயினும் அவனுடைய கட்டளை வருமுன் ஊரை விட்டு வெளியேறினார்கள். பாரம் நிறைந்த கப்பல், சீட்டுக் குலுக்கல், மீன் வயிறு, இருளில் எழுந்த துஆ ஆகியவற்றை நம் பிள்ளைகளும் அறிவார்கள். நாம் விட்டுவிடுவது அதற்குப் பிந்திய பகுதியை. மீட்கப்பட்ட பின் அவர்கள் ஒரு இலட்சம் அல்லது அதற்கும் அதிகமான மக்களிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் ஈமான் கொண்டார்கள் என்று ஸாஃப்ஃபாத் அத்தியாயம் கூறுகிறது. எவரை வெறுத்துப் புறப்பட்டார்களோ அவர்களே அம்மக்கள் என்பர் விரிவுரையாளர் பலர்.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்பது நபிவழி. இயந்திரத்தின் முன் நிற்பவர் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு உட்காரட்டும்! உளூச் செய்யுமாறு வரும் அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு. ஆனாலும் கொதிக்கும் முகத்தில் தண்ணீர் படுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. கோபம் தணிந்த பிறகே இஸ்திகாரா. நம்மவர்கள் அதைத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கணக்கையும் பார்க்க வேண்டும். அந்த இளைஞர் சேர்ந்து நான்கு ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. தாமாக விலகும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை சேர ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, பிரசவத்திற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நம்பியிருந்தனர். ஏசியவருக்கு இதில் ஒரு பைசா நஷ்டமில்லை.

இந்த ஜமாஅத்தில் பட்டறை முதலாளிகளும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. உங்களிடம் பத்து மாதம் வேலை பார்த்தவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார்?

அந்த இளைஞர் ஹவுளின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை அழிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஜும்ஆ வரை வைத்திருக்கச் சொன்னேன். அந்த வாரத்திலேயே ஷிப்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மேலாளரைத் தனியே சந்தித்தார். பிழை அவர் பெயரிலிருந்து நீங்கியது. மன்னிப்பை மட்டும் எவரும் கேட்கவில்லை. ஐந்தாண்டு நிறைந்த பின், திருமழிசையில் வேறு வேலை உறுதியானதும், ஒரு மாத அவகாசம் கொடுத்து விலகினார். கடைசி நாளில் எல்லோரிடமும் விடைபெற்று வந்தாராம். அந்த மேற்பார்வையாளர் அன்று விடுப்பு.