வயிற்றுப் புண்ணும் காலைப் பசியாறலும்

(கோடம்பாக்கத்தில் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை நடத்திய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களிடம் "உடம்புக்கு என்ன?" என்று நாங்கள் கேட்டால், பலர் சொல்லும் பதில், "ஒண்ணுமில்ல பாய், வெறும் கேஸ்தான்" என்பது. அப்படிச் சொன்ன ஒரு சகோதரியைப் பற்றி, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் இங்கே சொல்கிறோம்.

வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். இரண்டு வருடமாக நெஞ்சுக்குழியில் எரிச்சல். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்குவார். "புள்ளைங்க ஸ்கூலுக்குப் போகணும், அவரு வேலைக்குப் போகணும். எல்லாரும் பசியாறின பிறகு மிச்சம் இருந்தா சாப்பிடுவேன்" என்றார். அதற்குள் மணி 11 ஆகிவிடும். ஒருநாள் தலைசுற்றி விழுந்தார். சில நாட்களாகவே மலம் தார் போலக் கறுத்துப் போயிருந்ததை, வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தபோது இரைப்பையில் புண், இரத்தக் கசிவு. இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நலமாக இருக்கிறார்.

நாம் பொதுவாக அல்சர், கேஸ் என்று சொல்வது பல நேரங்களில், இரைப்பையின் உட்சவ்வு வீங்கிப் புண்படுகிற கேஸ்ட்ரைட்டிஸ் என்னும் கோளாறு. காரமும் கவலையும்தான் இதற்குக் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்பதால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் வயிற்றில் கேஸ்ட்ரைட்டிஸ் வந்ததை நிரூபித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு முக்கியக் காரணம், அந்தச் சகோதரி விழுங்கியது போன்ற வலி மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின்.

ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உணவு மட்டும் இந்த நோயைக் குணப்படுத்தாது. கிருமி இருந்தால் மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக் மருந்துகளை, பெரும்பாலும் 10 முதல் 14 நாட்கள், ஒருவேளை கூட விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் புண்பட்ட வயிற்றை மேலும் நோகடிக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. அது காலைப் பசியாறலில் தொடங்குகிறது.

எதைச் சாப்பிடலாம்? ஆவியில் வெந்தது நல்லது. புளிப்பு ஏறாத மாவில் இட்லி, காரம் குறைத்த சாம்பார். இடியாப்பத்துக்குப் பாயா வேண்டாம். நீர்த்த தேங்காய்ப்பால் போதும். நெய் குறைத்த பொங்கல், வேகவைத்த முட்டை, வாழைப்பழம், பப்பாளி ஆகியவையும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் எளியது கஞ்சி. ரமளானில் பள்ளிவாசலில் நாம் வரிசையில் நின்று வாங்கும் கஞ்சியை மற்ற மாதங்களில் ஏன் மறந்துவிடுகிறோம்? ஒரு பங்கு நொய்யரிசி, கால் பங்கு பாசிப்பருப்பு, எட்டுப் பங்கு தண்ணீர். சிறிது வெந்தயம், சீரகம், இரண்டு பல் பூண்டு, உப்பு. குழைய வெந்ததும் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். மிளகாயும் கறியும் வேண்டாம். நோயாளிகளுக்கும் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் கஞ்சியைக் கொடுக்கச் சொன்னதாக ஹதீஸ்களில் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் கஞ்சியின் அளவைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதைத் தவிர்க்கலாம்? வெறும் வயிற்றில் கடுந்தேநீர், காபி. பரோட்டா சால்னா, பூரி, வடை, முந்தின இரவு மிஞ்சிய பிரியாணி. உடம்பு இளைக்க என்று வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பது. பால் குடித்தால் எரிச்சல் உடனே அடங்குவது போலிருக்கும். பிறகு அதுவே அமிலத்தைத் தூண்டும். எல்லா வயிறும் ஒன்றல்ல. எது சாப்பிட்டால் எரிகிறது என்று இரண்டு வாரம் குறித்து வைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதித் தந்திருந்தால், பெரும்பாலும் அதைப் பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடர வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவும் வேண்டாம். நோன்பு வைக்கலாமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வைப்பவர்கள் சஹர் சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள்.

கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்கச் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். சென்ட்ரல் எதிரே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இரைப்பை குடல் நோய்ப் பிரிவு இருக்கிறது. தனியாகப் போகத் தயங்கும் சகோதரிகளோடு துணைக்கு வர நம் பெண் தொண்டர்கள் இருக்கிறார்கள். நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கையில் வலி என்றால் அதைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடிக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக வீட்டு ஆண்களிடமும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். அந்தச் சகோதரியின் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து அவருடைய கணவரே கஞ்சி வைக்கிறார். 8 மணிக்குள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறுகிறார்கள். நாளைக் காலை நம் வீடுகளிலும் கேட்போம்: "நீ பசியாறினாயா?" இல்லை என்று பதில் வந்தால், முதல் தட்டை அவருக்கு வைப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண உடல்நலத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.