தீன்: ஓர் எழுத்துக்கூட்டு, பல சொற்கள்

(நமது பள்ளிவாசல் மக்தப் மதரஸா ஆண்டு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



சென்ற ரமளானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்தபின் நம்மிடம் வந்த பெரியவர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து சிறு நூல் ஒன்றை எடுத்துக் காட்டினார். சூராக்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட நூல். நாற்பது ஆண்டுகளாக அதைப் பார்த்தே மனனம் செய்து தொழுது வருவதாகக் கூறி, "வத்தீனி சூராவை ஓதுகிறேன், சரியா என்று பாருங்கள் ஹஜ்ரத்" என்றார்.

அந்த அத்தியாயம் திருக்குர்ஆனில் 95ஆவது, எட்டே வசனங்கள். முதல் வசனத்தில் வருவது 'தீன்'. ஏழாம் வசனத்தின் இறுதியில் வருவதும் 'தீன்'. பெரியவர் இரண்டையும் ஒரே ஓசையில் ஓதினார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நூலில் இரண்டும் ஒன்றுபோலவே அச்சாகியிருந்தன. ஆனால் முதலாவது அத்திப்பழம். பின்னது கூலி வழங்கப்படும் தீர்ப்பு. இரண்டும் வேறு வேறு வேரில் பிறந்த வேறு வேறு சொற்கள்.

அரபியில் முன்னதன் முதல் எழுத்து 'தா', பின்னதற்குத் 'தால்'. தமிழில் இரண்டிற்கும் ஒரே 'த'தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'த்த' என்று இரட்டித்தால் ஓசை எப்போதும் வல்லோசையே. 'பந்து' என்பதில் வரும் மெல்லிய ஒலி அங்கே வாராது. ஆகவே 'பித்தீன்' என்று தமிழில் எழுதியதைத் தமிழர் ஒருவர் இயல்பாக வாசித்தால், அது அத்திப்பழத்தின் ஒலியையே தரும். 'மாஊன்' அத்தியாயத்தின் முதல் வசனம் தீர்ப்பைப் பொய்ப்பிப்பவனைப் பற்றியது. நூலைப் பார்த்து ஓதுபவரின் நாவில் அவன் அத்திப்பழத்தைப் பொய்ப்பிப்பவன் ஆகிவிடுகிறான்! ஒவ்வொரு ரக்அத்திலும் நாம் ஓதும் ஃபாத்திஹாவிலும் தீர்ப்பு நாளுக்கு இதே நிலைதான்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. நாவின் பின்புறத்தை உயர்த்திக் கனமாக ஒலிக்கும் 'தோ' எழுத்தில் தொடங்கினால் அது களிமண். மனிதன் களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்று 'அன்ஆம்' அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் கூறுகிறதே, அந்தச் சொல். பழம், மண், மார்க்கம் மூன்றும் தமிழ் அச்சில் 'தீன்' என்ற ஒரே கூட்டுக்குள் அடைந்துவிடுகின்றன.

அரபியை விட்டு வெளியே வந்தாலும் இச்சொல் நம்மை விடுவதில்லை. தமிழிலேயே 'தின்' என்னும் வினையிலிருந்து வந்த 'தீன்' உணவைக் குறிக்கும். தீனி அதன் உடன்பிறப்பு. (தீனுக்காக மதரஸாவுக்கு வருபவர் யார், தீனிக்காக வருபவர் யார் என்று ஓதும் காலத்தில் நம் உஸ்தாதுமார்கள் கேலி செய்வதுண்டு.) தீனதயாளன் என்னும் பெயரில் உள்ள 'தீன' வடமொழிச் சொல், எளியவர் என்பது பொருள். நூருத்தீன் என்பதில் உள்ள தீனுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. உர்தூவிலும் இந்தியிலும் 'தீன்' என்றால் மூன்று. 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது வடநாட்டுச் செய்திகளில் 'தீன் தலாக்' என்று கேட்ட நம் சகோதரர் ஒருவர், "மார்க்கத் தலாக் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?" என்று வினவினார். முத்தலாக் என்று விளக்கினோம்.

மார்க்கம் என்னும் பொருளுடைய தீனின் வரலாறே தனிச் சுவை உடையது. ஹீப்ரு, அரமேயம் ஆகிய சகோதர மொழிகளில் தீன் என்றால் நீதி, தீர்ப்பு. யூதர்களின் மார்க்க நீதிமன்றத்திற்கு 'பேத் தீன்' என்று பெயர். தீர்ப்பு இல்லம் என்று பொருள். பாரசீகர்களிடம் இஸ்லாத்திற்கு முன்பே மதத்தைக் குறிக்க ஒரு சொல் இருந்தது. பழைய அவெஸ்தா மொழியின் 'தஏனா' என்பதிலிருந்து வந்த அது, தமிழில் எழுதினால் 'தேன்' ஆகிவிடும்! வேர் வேறாயினும் ஒலியும் பொருளும் நெருங்கியதால் பிற்காலப் பாரசீகத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்தன. திருக்குர்ஆனில் தீன் என்பது எங்கும் மதத்தை மட்டுமே குறிப்பதன்று. யூஸுஃப் அத்தியாயத்தின் 76ஆம் வசனத்தில் மன்னரின் தீன் என்றால் மன்னரின் சட்டம்.

இதே வேரில் பிறந்த 'தைன்' என்றால் கடன். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகராவின் 282ஆவது, கடனை எழுதி வைப்பது பற்றியதே. நபி (ஸல்) அவர்கள் முன் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இறந்தவருக்கு மூன்று தீனார் கடன் இருப்பதறிந்து தாம் தொழுவிக்காது தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றபின்னரே தொழுவித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. அந்தத் தீனாருக்கும் தீனுக்கும் உறவில்லை; அது 'தெனாரியஸ்' என்னும் ரோமானிய நாணயத்தின் பெயர்.

நம் முன்னோர்கள் இந்தச் சங்கடத்தை அறிந்திருந்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அரபுத்தமிழில் நூல்கள் எழுதினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகள் அமைத்துக்கொண்டார்கள். அம்முறையில் பழம் பழமாகவும் மண் மண்ணாகவும் நின்றன. நாமோ அதைத் தலைகீழாக்கி, அரபியைத் தமிழ் எழுத்துக்குள் திணித்துவிட்டோம்.

தமிழ் எழுத்து நூல்களை எறிந்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஒன்றும் தெரியாதவருக்கு அது ஒரு கைத்தடி. ஆனால் கோடை விடுமுறை வகுப்பில் பிள்ளைகளுக்கும் அந்நூல்களையே வாங்கிக் கொடுத்தால் போதும், சூராக்கள் சீக்கிரம் மனனமாகிவிடும் என்று பெற்றோர் சிலர் நிர்வாகத்திடம் கோரியுள்ளனர். அதற்கு நாம் இணங்க இயலாது. பிள்ளை நான்கு சூராக்கள் குறைவாக ஓதட்டும். அலிஃப், பா, தாவிலிருந்தே தொடங்கட்டும்.

பெரியவர்களுக்கென ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேர வகுப்பு நடைபெறுகிறது. கட்டணம் இல்லை. ரமளானில் நம்மிடம் நூலைக் காட்டிய அந்தப் பெரியவரும் ஷவ்வால் முதல் வருகிறார். இப்போது எட்டாவது எழுத்தாகிய தாலில் இருக்கிறார்.