பெண்டிர் உழைப்பும் பதிவேடும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



மகளிர் தொழில் வாய்ப்பும் சமூக நலச் சீர்திருத்தமும் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்துள்ளனர். இப்பொருள் குறித்த நூல்களைப் புரட்டினால், பெண் வீட்டை விட்டு வெளியே சென்று உழைக்கலாமா என்ற கேள்வியே முதலில் வந்து நிற்கிறது. நம் தெருவில் இக்கேள்வியை எவரும் கேட்டதில்லை. நம் பாட்டிமார் நாற்றுப் பறித்தனர், நட்டனர், களையெடுத்தனர், கதிரறுத்தனர், மாலையில் களத்தையும் கூட்டினர். வேலை இல்லையென்ற குறை அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. பயிற்சியும், நிலையான ஊதியமும், விடுப்பும், முதுமைக்கு ஓய்வூதியமும், பதிவேட்டில் ஒரு பெயருமே இல்லாதிருந்தன. அந்தத் தெருவில் நின்றே இவ்வரலாற்றைப் பார்க்க விழைகிறேன்.

குழந்தைப் பருவத்திலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்பலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை; வீட்டு மூலைகளில் இளங்கைம்பெண்கள் வாடிக்கொண்டிருந்தனர். இவ்விரண்டையும் இணைத்து, 1912 முதல் அவர் நடத்திய விடுதி பின்னர்த் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. அவ்வம்மையாரின் துணிவை நான் குறைத்து மதிப்பிடேன். சொந்த உறவினரின் ஏச்சையும் தாங்கியவர் அவர். எனினும் அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கென்றே அமைந்ததாகும். கல்வி இலாகா அன்று தேடிய ஆசிரியை நம் வீட்டுப் பெண் அல்லள் என்பதையும் வரலாறாகவே பதிவு செய்ய வேண்டும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குப் பெண்களையே அமர்த்த வேண்டுமெனத் தீர்மானித்தபோதுதான் சாதி வரம்பற்ற கோரிக்கையாக அது உரத்து ஒலித்தது.

நலச் சட்டங்களுக்கு வருவோம். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா விவாதிக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலன். ஆகவே அச்செலவில் பெரும்பங்கு அரசையே சாரும் என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்புவேன். பம்பாயில் 1929-இலும், சென்னை மாகாணத்தில் 1934-இலும் சட்டம் பிறந்தது. இரண்டும் ஆலைப் பெண்களுக்கே உரியவை. வயலில் நிற்பவளை அவை காணவில்லை.

1942 ஜூலையில் நாகபுரியில் தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாடு சுலோசனா டோங்ரே தலைமையில் கூடியது. பல்லாயிரம் பெண்கள் திரண்டனர். அவர்களுடைய தீர்மானங்களை ஆசிரியன் என்ற முறையில் நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். ஆண்டுக்கு 21 நாள் தற்செயல் விடுப்பு, வேலையில் காயமுற்றால் இழப்பீடு, 20 ஆண்டுப் பணிக்குப்பின் ஓய்வூதியம், ஆலைகளில் பெண்களைக் கண்காணிக்கப் பெண்களே, நம் மாணவியர்க்கு அரசுச் செலவில் விடுதி எனக் கேட்டனர். இரக்கத்தை வேண்டிய சொல் அவற்றுள் ஒன்றுமில்லை. பணிவிதிகளின் மொழியிலேயே கேட்டார்கள்! மூன்றாண்டுகள் கழித்துப் பம்பாயில் இத்தகைய மாநாட்டிற்குத் தலைமை தாங்கச் சென்றவர் நம் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

நாடாளுமன்றம் 1961-இல் மகப்பேற்று நலச் சட்டம் இயற்றிப் பன்னிரண்டு வார விடுப்பை உறுதி செய்தது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்துப் பிறந்தவன் நான். என் தாயார் ஒன்பதாம் மாதம் வரை நடவு நட்டார். நான் பிறந்த மூன்றாம் வாரத்தில் வரப்போரப் பூவரச மரத்தில் எனக்குத் தூளி கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார். சட்டத்தை மீறியவர் எவருமில்லை. அச்சட்டத்திற்கு என் தாயார் ஓர் ஊழியரே அல்லர். நிலக்காரர் வீட்டுக் கணக்கில்கூட அவர் "இன்னான் பெண்சாதி" என்றே எழுதப்பட்டிருந்தார். 2017-இல் அவ்விடுப்பு 26 வாரமாக உயர்ந்தபோது ஆசிரியை ஒருவர் எங்கள் பள்ளியில் இனிப்பு வழங்கினார். நானும் மகிழ்ந்தே உண்டேன். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அம்பேத்கரின் வாதத்திற்குத் திரும்புகிறேன். முதலாளியின் கணக்கேட்டைக் கேளாமல் ஏழைத் தாய்க்கு அரசே பேறுகால உதவி வழங்கும் முறை தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் அமைந்தது. 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் அத்தொகை உயர்ந்தது. வயலில் உழைப்பவளும் அதற்கு உரியவளானாள். அதே 2006-இல் தொடங்கிய நூறுநாள் வேலைத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வேலை நாள்களில் ஐந்தில் நான்கிற்கு மேல் பெண்களுடையவை. ஏரிக்கரையில் வருகைப்பட்டியலை வாசிக்கும்போது தத்தம் பெயருக்கு அவர்கள் குரல் கொடுத்ததை நான் நின்று கேட்டிருக்கிறேன்.

கழகத்தாரிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். தொழிற்பயிற்சி என்றதும் தையல் இயந்திரத்தை வாங்கி வைத்துவிடுகிறோம். இலவசத் தையல் இயந்திரத் திட்டத்திற்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைச் சூட்டியுள்ளனர். அவ்வம்மையாரோ அமைச்சராக ஆட்சி நடத்தியவர்! தையல் இழிவன்று, என் தமக்கை அதனால்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் ஒரு தெருவில் பத்து இயந்திரங்கள் இருந்தால் தைக்கத் துணி யார் தருவார்? செவிலியர், ஆய்வகம், மின்பணி ஆகிய பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கும் நாளை அறிந்து சொல்லவும், நுழைவுக் கட்டணத்தைக் கடனாகக் கொடுக்கவும் கழகத்தில் ஒருவரை நியமியுங்கள்.

சென்ற ஜூன் மாதம் மாணவர் சேர்க்கையின்போது ஒரு சிறுமியிடம், "அம்மா என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டேன். "சும்மாதான் இருக்காங்க சார், நடவுக்குப் போவாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற தாய் சிரித்துவிட்டார். "விவசாயத் தொழிலாளி" என்று எழுதி, அவரையே படித்துப் பார்க்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.